நீதி முத்திரையும் கொழுந்துக் கூடையும்

முதலாளித்துவத்துக்கு மனித முகம் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்ற நம்பிக்கை இன்று எம்மிடையே புதுமெருகுடன் உலாவுகின்றது. இலாபத்தை ஒழிக்க வேண்டியதில்லை, நெறிப்படுத்தினாற் போதும். உடைமையைக் கேள்விக்குட்படுத்த வேண்டியதில்லை, உடைமையாளரின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பினாற் போதும் என்று கூறுவோர் ஒரு காலத்தில் முதலாளிமாரின் சங்கங்களிலேயே காணப்பட்டனர். இன்றோ அவர்கள் எமது ஆசிரியர் ஓய்வறைகளிலும், பல்கலைக்கழக விடுதிகளிலும், இலக்கியக் கூட்டங்களிலும் இருக்கின்றனர். அவர்களிற் பலர் நல்லவர்கள். சிலர் எமது நண்பர்கள். 'நியாய வர்த்தகம்', 'நிலைபேறான அபிவிருத்தி', 'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' ஆகிய தொடர்களை அவர்கள் உள்ளன்போடுதான் உச்சரிக்கின்றனர். ஆனால், கூறுபவரின் உள்ளன்பினால் மட்டும் ஒரு கருத்து உண்மையாகி விடுவதில்லை.

கோட்பாட்டைக் கோட்பாட்டினால் மறுப்பது எளிது. அதனால் எவரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. நடைமுறையே உரைகல். முதலாளித்துவத்தைத் திருத்துவதற்கெனச் சொல்லப்படும் வழிகள் பெரும்பாலும் யாவும் ஒரே பொருளின்மீது பரீட்சித்துப் பார்க்கப்பட்டுவிட்டன. அப்பொருள் நாம் ஒவ்வொரு காலையிலும் அருந்தும் தேயிலை. கூலிச் சட்டம், தொழிற்சங்கம், அரசுடைமை, தனியார் முகாமை, சர்வதேச முத்திரை, தொழிலாளருக்குப் பங்கு: இவற்றுள் தேயிலைச் செடி காணாதது எதுவுமில்லை. ஆகவே, நண்பர்களின் வாதத்தை அந்தச் செடியின் அடியிலேயே வைத்துப் பார்ப்போம்.

கொடுத்தவர் யார்?

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை மலைநாட்டை மூடியது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரின் கடன்சீட்டுக்களோடு கொண்டுவரப்பட்ட மக்கள் லயங்களில் அடைக்கப்பட்டனர். கூலி கொடுப்பவனே வீட்டுக்கும் உரியவன். வீட்டை இழக்காமல் வேலையை விட முடியாது. இந்த ஏற்பாடு தற்செயலானதன்று. மலிவான, அசைய முடியாத உழைப்பு என்ற அத்திவாரத்தின்மீதே தேயிலை முதலாளித்துவம் கட்டப்பட்டது. இந்த அத்திவாரத்தை அசைக்காமல் சுவருக்குப் புதுவர்ணம் பூசலாமா என்பதே எமது நண்பர்கள் எழுப்பும் வினாவின் உண்மையான வடிவம்.

தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் கடந்த நூறு ஆண்டுகளில் மாற்றமே நிகழவில்லை என்று நாம் சொல்லவில்லை. நிகழ்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் யார் என்பதே கேள்வி. 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அப்பொழுதும் பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே எழுதப்பட்டது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானான். தொழிற்சங்க உரிமை அந்த இரத்தத்தின் மேல்தான் நடந்து வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பது 1984 இல், வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. அதுவரை, கூடையின் பாரம் பெண்ணின் முதுகிலும் கூடுதற் கூலி ஆணின் கையிலும் இருந்தன. எந்தத் துரையும் ஒரு காலை நித்திரைவிட்டெழுந்து, 'இது அநீதி, மாற்றிவிடுவோம்' என்று பிரட்டுக் களத்தில் அறிவித்ததாகச் சரித்திரம் இல்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகத் தெருவில் நின்றது. 2019 ஜனவரி ஒப்பந்தம் அடிப்படைக் கூலியை 700 ரூபாவில் நிறுத்தியது. 2021 மார்ச்சில், கூட்டு ஒப்பந்தத்தின் மூலமன்றிக் கூலிச் சபையின் தீர்மானத்தின் மூலமே 1000 ரூபா சட்டமாயிற்று. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன; கூட்டு ஒப்பந்தம் முறிந்தது; பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டது. குறித்த நிறைக்குப் பறிக்காதவளுக்கு அரைப்பேர். இவ்வாறு ஒரு கையால் கொடுத்தது மறுகையால் தராசிலே திரும்பப் பெறப்பட்டது. மிஞ்சியதை 2022 இன் விலையேற்றம் விழுங்கியது. அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. 2024 மே தினத்தன்று 1700 ரூபா அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் மீண்டும் வழக்காடின. செப்ரெம்பரில் வர்த்தமானியில் நிலைத்தது 1350 ரூபா.

2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் இதற்கொரு புதுவழி கண்டது. கம்பனிகள் 200 ரூபா கூட்டும். வரவுக்கான ஊக்குவிப்பாக அரசு தன் பணத்திலிருந்து இன்னொரு 200 ரூபா கொடுக்கும். தொழிலாளியின் அடுப்பில் அந்த 200 ரூபா எரியத்தான் வேண்டும். அதனை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆயினும் பொருளியல் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களை ஒன்று கேட்கின்றோம். தனியார் கம்பனி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதியைப் பொதுமக்களின் வரிப்பணம் கொடுக்கிறதென்றால், முதலாளித்துவம் நியாயமாகிவிட்டது என்று பொருளா? அன்றி, தன் தொழிலாளியை உயிரோடு வைத்திருக்கும் செலவைத் தானே ஏற்க இயலாதென்று அது ஒப்புக்கொண்டது என்று பொருளா?

மனச்சாட்சியும் ஒரு சரக்கு

சட்டமும் சங்கமும் பழைய பாதை, உலகச் சந்தை புதிய பாதை ஒன்றைத் திறந்துள்ளது என்பர் நண்பர்கள். பொதியின்மீது ஒரு தவளை முத்திரை. அல்லது 'நியாய வர்த்தகம்' என்ற எழுத்து. இலண்டனிலும் பெர்லினிலும் தேநீர் அருந்தும் நல்ல மனிதர் சில சதம் கூடக் கொடுக்கிறார். மலைநாட்டில் ஒரு தாய் நிமிர்கிறாள். அழகான கதை. அதன் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம்.

நியாய வர்த்தக முறையில் ஒரு மேலதிகத் தொகை உண்டு. தொழிலாளர் தெரிவுசெய்யும் குழு அதனைப் பொதுத் தேவைக்குச் செலவிடும். இது நல்லதே. ஆனால், சான்று பெற்ற தோட்டத்தின் தேயிலை முழுவதும் அந்த நிபந்தனையில் விலைபோவதில்லை. விலைபோகும் பங்குக்கே மேலதிகத் தொகை. தவளை முத்திரையோ குறைந்தபட்ச விலை எதனையும் நிர்ணயிப்பதில்லை. இந்தியத் தேயிலைத் தோட்டங்களையும் கானா நாட்டுக் கொக்கோத் தோட்டங்களையும் ஆராய்ந்து ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, தேயிலையைப் பொறுத்தவரை முத்திரை பெற்ற தோட்டத்துக்கும் பெறாத தோட்டத்துக்கும் தொழில் நிலைமைகளிலே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது.

2007 இல் லிப்டன் தனது தேயிலைப் பொதிகள் அனைத்தையும் முத்திரைக்குள் கொண்டுவரப்போவதாக உலகுக்கு அறிவித்தது. அப்போது முதலிற் சான்று பெற்றவற்றுள் கென்யாவின் கெரிச்சோத் தோட்டமும் ஒன்று. 2023 பெப்ரவரியில், கென்யத் தேயிலைத் தோட்டங்களில் மேற்பார்வையாளரின் பாலியற் கொடுமைக்கு ஆளானதாக 70 க்கும் மேற்பட்ட பெண்கள் பிபிசி நிறுவனத்திடம் கூறினர். கெரிச்சோவின் பெண்களும் அவர்களுள் அடங்குவர். ஆண்டுதோறும் சோதனையாளர் வந்தனர், பதிவேடுகளைப் புரட்டினர், போயினர். வேலையை இழக்க அஞ்சும் பெண் யாரிடம் வாய் திறப்பாள்? வந்துபோகும் சோதனையாளரிடமா, நாளை காலை தன் கொழுந்தை நிறுக்கப்போகும் மனிதனின் முன்னிலையிலா?

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. இலாபம் மட்டுமல்ல, நோக்கமும் முக்கியம் என்று மேடைதோறும் முழங்கிய யூனிலீவர், லிப்டன் உள்ளிட்ட தன் தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை 2021 நவம்பரில் ஸீ.வீ.ஸீ. என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 450 கோடி யூரோவுக்கு விற்க உடன்பட்டது. 2022 ஜூலையில் கைமாற்றம் முடிந்தது. பதினைந்து ஆண்டுகள் உலகத்தின் மனச்சாட்சியைச் சுமந்த பெயர், வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டோரின் கைக்குப் போயிற்று. தொழிலாளரை எவரேனும் கேட்டனரா? மனச்சாட்சியைப் பொதியோடு சேர்த்து விலைக்கு விற்கலாமெனில், அதன் உரிமையாளர் எவரோ அவரே அதனை எந்நேரமும் விற்றுவிடலாம். இதுவே முத்திரையின் அடிப்படைக் குறைபாடு. சோதனையாளரின் நேர்மை இதனைத் தீர்க்காது.

தமிழ் படித்தோருக்கு இது புதிதன்று. எமது பழைய இலக்கியம் வள்ளல்களைப் பாடிற்று. வாயிலில் நின்ற பாணனின் பசியையும் பாடிற்று. பாணன் பரிசில் பெற்றான். நெற்களஞ்சியத்தின் திறவுகோல் அவன் கைக்கு ஒருநாளும் வரவில்லை. ஈகை கொடுப்போனை உயர்த்துகின்றது. உரிமை பெறுவோனை உயர்த்துகின்றது. ஈகையை உரிமையென்று பெயர்மாற்றி விற்பதே இன்றைய வள்ளல்களின் தனித்திறமை.

எவருடைய நிலைபேறு?

'நிலைபேறு' என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 2021 ஏப்பிரலில் அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. நோக்கம் பசுமை என்றனர். இந்நாட்டுத் தேயிலையின் பெரும்பகுதியை விளைவிக்கும் சிறு தோட்டக்காரரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. மண்ணை மாற்றுவதற்கு அவர்களுக்கு ஆண்டுகளும் கொடுக்கப்படவில்லை. நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. மண்ணைக் காப்பது தேவையற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. மண்ணில் நிற்பவரைக் கேளாமல் மண்ணைக் காக்க முடியாது என்பதே பாடம்.

மறுபுறத்தில், காக்கவேண்டிய மண் எதுவோ அது காக்கப்படவில்லை. 2014 ஒக்ரோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையை ஏற்று எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் நிலமில்லாதவன் மலை சரியுமுன் எந்த முற்றத்துக்கு நகர்வான்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடு மீண்டும் சரிந்தது. மீண்டும் அதே கேள்வி எழுந்தது. மண்ணரிப்பைத் தடுக்கும் கான் வெட்டப்பட்டுள்ளதா என்று சோதனைப் பத்திரம் கேட்கலாம். அந்தக் கானை வெட்டியவனின் காலடி நிலம் யாருடையது என்று அது கேட்பதில்லை. சமுதாயத்தின் நிலைபேறு என்பது நில உரிமையில் தொடங்குகின்றது. மற்றவை அதற்குப் பின்னர்.

பங்குப் பத்திரமும் பெண்கள் ஒற்றுமையும்

இங்கே நண்பர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதனை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். 'முத்திரை போதாது, ஒப்புக்கொள்கிறோம், தொழிலாளரையே பங்குதாரராக்கிவிட்டால்?' என்கின்றனர்.

அதுவும் நடந்தது. கேரளத்து மூணாறு மலையில் டாட்டா தேயிலை நிறுவனம் 2005 இல் தன் தோட்டங்களைக் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனியிடம் ஒப்படைத்தது. புதிய கம்பனியின் பங்குகளில் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்டவை அதன் ஊழியரிடம். பத்திரத்தின்படி தொழிலாளியே முதலாளி. முகாமைத்துவம் கற்பிப்போர் இதனை உதாரணமாகக் காட்டினர்.

2015 செப்ரெம்பரில் அந்தக் கம்பனி போனசை 10 வீதமாகக் குறைத்தது. அன்றைய நாட்கூலி 232 ரூபாய். கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் வீதியில் இறங்கி மூணாறை மறித்தனர். 'பெண்கள் ஒற்றுமை' என்பதே அவர்கள் தமக்கு இட்ட பெயர். கம்பனியை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை. தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்திய தொழிற்சங்கத் தலைவர்களையும் கூட்டத்துக்குள் விடாது துரத்தினர். ஒன்பது நாட்களின் பின் போனசும் கருணைத் தொகையுமாக 20 வீதம் கிடைத்தது.

தானே உடைமையாளரான கம்பனிக்கு எதிராகத் தானே வீதியில் இறங்க வேண்டிய நிலை ஏன்? ஏனெனில், பங்கு சிதறிக் கிடந்தது; தீர்மானம் ஓரிடத்திற் குவிந்து கிடந்தது. கணக்குப் புத்தகத்தை வாசித்தவர் யார்? முகாமையாளரை நியமித்தவர் யார்? எவ்வளவு கிலோ, என்ன விலை, எவ்வளவு சேமிப்பு என்று முடிவுசெய்தவர் யார்? கொழுந்துப் பெண் அல்லள். அந்தக் காகிதம் அவளுக்குச் சிறு தொகையொன்றைக் கொண்டுவந்தது, அதிகாரத்தைக் கொண்டுவரவில்லை. ஒன்பது நாட்கள் வீதியில் உட்கார்ந்தபோதுதான் அவள் உடைமையாளராக நடந்தாள்.

எம்மவருக்கும் ஒரு சொல்

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு முற்போக்கு நண்பர் சிலர் தலையாட்டியிருப்பர். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு.

உடைமை அரசின் கைக்கு வந்தால் நீதி தானே வரும் என்று நாம் நீண்ட காலம் பேசினோம். 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் கொல்வின் ஆர். டி சில்வா, முல்லோயா வழக்கிலே தொழிலாளர் பக்கம் நின்ற அதே இடதுசாரித் தலைவர். அந்த ஆண்டுகளில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பல குடும்பங்கள் லயங்களிலிருந்து விரட்டப்பட்டன. 1948 இல் பறிக்கப்பட்ட பிரசாவுரிமை பெரும்பாலோருக்கு இன்னும் மீளாதிருந்ததால், 'மக்கள் உடைமை' என்றபோது அந்த 'மக்கள்' என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்கவில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், நிலம் சுவீகரிக்கப்படுவதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தான். 1992 இல் அரசு முகாமையைக் கம்பனிகளிடம் கையளித்தது. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, லயம் பழையது. துரையின் இடத்தில் அரசாங்க அதிகாரி அமர்ந்தார். பின்னர் கம்பனியின் முகாமையாளர் அமர்ந்தார். பிரட்டுக் களத்தில் நின்றவள் மூன்று காலத்திலும் நின்றுகொண்டே இருந்தாள்.

இன்னொரு சாரார் உளர். சீர்திருத்தம் எதுவாயினும் மாயை, புரட்சி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அவர்களது நிலைப்பாடு. ஐம்பது ரூபா கூலி உயர்வின் பெறுமதியை அறியாதவர்களே இவ்வாறு பேச முடியும். அந்த ஐம்பது ரூபா ஒரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பி. கூலிக்காகப் போராடிக் கற்காத வர்க்கம் ஆட்சிக்காகப் போராடக் கற்பதில்லை.

ஆகவே, எமது விடை தெளிவானது. முதலாளித்துவத்தைச் சற்று நியாயமாக்கலாமா? ஆம், அதனை நெருக்குகின்ற கை எவ்வளவு வலியதோ அவ்வளவுக்கு, அந்தக் கை தளராதிருக்கும் வரைக்கும். அது தானாகவே நியாயமாகுமா? அதன் இயல்பிலேயே இல்லை. கைதளர்ந்த மறுகணம் கிலோ கூடும், பேர் அரையாகும், வழக்குத் தாக்கலாகும். எனவே ஒவ்வொரு சீர்திருத்தத்தையும் நாம் ஒரே கேள்வியால் அளக்க வேண்டும்: இது தொழிலாளியின் கையில் பணத்தை மட்டும் வைக்கின்றதா, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் வைக்கின்றதா?

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கேட்க வேண்டியவை புலப்படும். சிறு தோட்டக்காரர் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும்போது, விற்பனை விலையில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு என்று இந்நாட்டிலே விதி உண்டு. அவ்விதியிலும் குறைகள் உண்டு. எனினும் கொழுந்துக்கு விலையில் ஒரு பங்கு உண்டென்று அது ஏற்கின்றது. அப்படியாயின், தோட்டத் தொழிலாளி பறிக்கும் கொழுந்துக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் பொருந்தாது? கொழும்பு ஏலத்தில் தன் தோட்டத்துத் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று என்று அவள் ஏன் அறியக்கூடாது? கம்பனியின் கணக்கு அவள் மொழியில் அவள் முன் ஏன் திறக்கப்படக்கூடாது? சிறு தோட்டக்காரர் நாட்டின் பெரும்பகுதித் தேயிலையைத் தருகின்றனர் எனில், துரை இல்லாவிட்டால் தேயிலை இல்லை என்ற நூற்றைம்பது ஆண்டுக் கட்டுக்கதையை இன்னும் ஏன் நம்ப வேண்டும்?

கம்பனிகள் இன்று முன்வைக்கும் 'வெளியாள் முறை'யையும் இதே அளவுகோலால் அளக்கலாம். செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்போம், கொழுந்தை எமக்கே தாருங்கள் என்கின்றனர். நிலவுரிமை இல்லை, விலை சொல்லும் உரிமை இல்லை, ஊழியர் சேமலாப நிதியும் கேள்விக்குறி. மழையும் வரட்சியும் மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். நட்டத்தைப் பகிர்ந்தளிப்பதற்குப் பங்காளித்துவம் என்று பெயர் சூட்டுவதை ஏற்க முடியாது. வீட்டுக்கும் பயிர்நிலத்துக்கும் உறுதி, தெரிவுசெய்யப்பட்ட தொழிலாளர் குழுவின்கீழ்த் தொழிற்சாலை, சங்கத் தலைவரைத் திரும்ப அழைக்கும் உரிமை: இவை மூன்றும் சேர்ந்தாலன்றிக் கூட்டுடைமை என்ற சொல் உயிர் பெறாது. மூணாறு இதையே எமக்குக் கற்பித்தது.

1992 இல் தொடங்கிய 53 ஆண்டுக் குத்தகைகள் 2045 இல் முடிவடைய வேண்டும். இன்று எமது ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் மலையகச் சிறுமி அன்று முப்பது வயதை எட்டியிருப்பாள். அந்த நிலத்தை யாருக்குக் கொடுப்பது என்று கொழும்பிலே ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் பேசுவர். அந்த மேசைக்கு அவள் தேநீர் கொண்டுபோவாளா, அல்லது அதில் அமர்ந்து கணக்கைக் கேட்பாளா என்பது இன்றே தீர்மானிக்கப்பட்டு வருகின்றது. கணக்கை வாசிக்கவும், சட்டத்தைப் புரியவும், தலைவனைக் கேள்வி கேட்கவும் அவளுக்குக் கற்பிப்பது ஆசிரியர்களாகிய எமது கடமை. முத்திரை குத்திய பொதியை வாங்கித் திருப்தியடைவதோடு அக்கடமை தீர்ந்துவிடாது.